இரண்டு பக்கமும் ஒரே பெயர்

இந்த அமெரிக்க ஊரில் தெருவில் துப்பினால் முறைப்பார்கள். அதே எச்சிலைக் குப்பியில் பிடித்துத் தபாலில் அனுப்பச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கணவர் கொடுத்த பரிசு. மரபணுவைப் பார்த்து, முதுமையை நோயில்லாமல் கழிக்க வழி சொல்வார்களாம். வாய் வறண்டுவிட்டது. புளியங்காயை நினைத்து நினைத்துத்தான் கோடுவரை நிரப்பினேன்.

முடிவு வந்தது. ஞாபகமறதி நோய்க்கு வழிவிடும் ஜீன் எனக்கு இரண்டு. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. நிச்சயம் வரும் என்றில்லை, வாய்ப்பு அதிகம். ஆலோசனை சொல்லும் பெண் குடும்ப விவரப் படிவம் தந்தாள். அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் ஆரோக்கியமேரி என்று எழுதினேன். "தவறிப்போய் இரண்டுமுறை எழுதிவிட்டீர்கள்" என்று சிரித்தபடி ஒன்றை அடித்தாள். தவறில்லை, அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள், அப்பாவைப் பெற்றவரேதான் அம்மாவுக்குப் பாட்டி என்றேன். ஆயரிடம் அனுமதி வாங்கி, திண்டுக்கல்லே மெச்ச நடந்த கல்யாணம் என்று பெருமையாகவே சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, "ஐ ஆம் சாரி" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மருந்து கேட்டேன். கிடையாதாம். நடக்க வேண்டும், கீரை சாப்பிட வேண்டும், சொந்தபந்தங்களோடு நெருங்கிப் பழக வேண்டுமாம். சொந்தபந்தத்துக்கு நான் எங்கே போவேன்?

அந்த ஆரோக்கியமேரிக்குக் கடைசிக் காலத்தில் எல்லா நாளும் ஞாயிறுதான். புதன்கிழமைகூட முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். பின்னாலேயே ஓடிக் கூட்டிவருவது அம்மாதான். அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளுக்குள்ளும் அது ஒன்றாவது இருக்கிறது. சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை சாயங்காலம் போன் கார்டில் மறைத்திருந்த எண்ணைச் சுரண்டி, அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, இப்பவா கூப்புடுற? ஞாயித்துக்கெழமையில்ல, பூசைக்குக் கெளம்பிட்டேன்."

சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அம்மாவுக்கும் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இன்னைக்குச் சனிக்கெழமைம்மா."

"அது ஒனக்கு. இங்க விடியப்போகுது. மணியடிக்குதே, கேக்கல?"

கேட்டது. தொண்ணூறில் இங்கே வந்ததிலிருந்து வாராவாரம் போட்ட நேரக் கணக்கு. அம்மா மறக்கவில்லை, நான்தான் மறந்திருந்தேன்.

"என்ன விசயமாக் கூப்புட்ட?"

"சும்மாதாம்மா. நீ போயிட்டு வா."

அவள் போனைச் சரியாக வைக்காமலே போய்விட்டாள். சனிக்கிழமையில் உட்கார்ந்துகொண்டு, கார்டு தீரும்வரை, அந்த ஞாயிற்றுக்கிழமை மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.