மைனஸ் ஒன் டீச்சர்

அந்த கார்டில் என் பெயர் இருந்தது. வெள்ளி நிறத்தில், விரலால் தடவினால் தெரியும்படி புடைத்த எழுத்துகள். ஒரு கல்யாண நாளில் என் கணவர் அதை எனக்குக் கொடுத்தார். கடைக்காரர் முன்னால் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டும்போது கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும். அவர் இறந்து, மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், பள்ளி திறக்கப்போகிறதே என்று மகளுக்குச் சீருடையும் ஷூவும் வாங்க தி. நகருக்குப் போனோம். என் மூத்தாரும் துணைக்கு வந்தார். என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். பில் போடும் பெண் கார்டை இரண்டு முறை செருகிப் பார்த்துவிட்டு, "டிக்ளைன்னு வருது மேடம். வேற கார்டு இருக்குதா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தார் முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "அது அவங்க கார்டு இல்லம்மா, என் தம்பி கார்டு. பேரு மட்டும்தான் இவங்களுது." சொல்லிவிட்டுத் தன் பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்து ஸ்டைலாக நீட்டினார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என்னிடம் இருந்தது ஆட்-ஆன் கார்டு. கணக்கு கணவருடையது, அவர் கார்டின் நிழலாக எனக்கும் ஒன்று தந்திருந்தார்கள். அவர் போனதும் அதுவும் போய்விட்டது. உண்மையைச் சொல்லியே ஒருவரை அவமானப்படுத்த முடியும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதைச் சொன்ன குரலை இன்றுவரை மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை.

மயிலாப்பூரில், கடற்கரைப் பக்கம் போகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமனார் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக விட்டுப்போனது. கீழே மூத்தார் குடும்பம், மாடியில் நாங்கள். மூத்தார் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்தார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, செண்ட், பாக்கெட் பிதுங்க ஒரு பர்ஸ். பர்ஸைத் திறந்தால் சீட்டாட்டக்காரர் கையில் விரித்த சீட்டுபோல கார்டுகள் நிற்கும். விமான நிலையத்தில் எந்த கார்டுக்கு எந்த லவுஞ்சில் இலவசச் சாப்பாடு என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மாதக் கடைசியில் பில் வந்தால் அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். "மினிமம் கட்டிட்டா போதும்டா. பேங்க்காரன் வாயே தொறக்க மாட்டான்" என்று தம்பிக்கு உபதேசம் செய்வார். என் கணவர் சிரித்துவிட்டுத் தன் பில்லை முழுதாகக் கட்டிவிட்டு வருவார். எனக்கு அந்தப் பேச்சிலெல்லாம் அக்கறை இருந்ததில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். கையில் காசு இருந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் வாங்க மாட்டேன். யாரிடமும் கடன் வாங்கியதில்லை என்பதுதான் என் வாழ்க்கையிலேயே நான் பீற்றிக்கொண்ட ஒரே விஷயம்.

அந்த வருஷ மழையில் மாடி ஒழுகியது. சின்னதாக ஒரு கடன் வாங்கித் தளத்தைச் சரிசெய்யலாம் என்று பாங்குக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க கிரெடிட் ஸ்கோர் மைனஸ் ஒன்னு காட்டுது" என்றாள். இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவள் நான். பூஜ்யம் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் கீழே வாங்கியவர்கள் யாரையும் பார்த்ததில்லை. நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனா என்று கேட்டேன். "தப்பு இல்ல மேடம். நீங்க கடன் வாங்கினதும் இல்ல, கட்டினதும் இல்ல. அதனால உங்கள நம்பலாமா வேணாமான்னு சொல்ல இங்க ஒன்னுமே இல்ல" என்றாள். அவளும் பாவம், நல்லபடியாகத்தான் சொன்னாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

கடனுக்கு மூத்தாரைக் கூட்டு மனுதாரராக வரச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பார்த்தது கிறிஸ்துமஸ் அன்று. மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம டீச்சர் பரீட்சை எழுதினாங்க, தெரியுமா? பேங்க்ல மார்க்கு போட்டுட்டான். மைனஸ் ஒன்னு" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை. "இருக்கிற வீடும் இல்லன்னா இவங்களுக்கு ஊர்ல எவன் நம்பி அஞ்சு பைசா குடுப்பான்?" அன்றிலிருந்து வீட்டு விசேஷங்களில் எனக்கு மைனஸ் ஒன் டீச்சர் என்று பெயர். சின்னப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். என் மகள் ஒருநாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவந்துவிட்டாள். மாடி அடுத்த மழையிலும் ஒழுகியது. பக்கெட் வைத்துக்கொண்டு படுத்தோம்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி முழுவதும் வேண்டாம், மயிலாப்பூரில் அரை கிரவுண்டு போதும் என்று அந்த ஒழுகலைக் கேட்டுக்கொண்டே நினைத்தேன். அப்போது அது வெறும் ஆத்திரம்தான். வழி எதுவும் தெரியாது.

வழியைக் காட்டியது அந்த பாங்குப் பெண்தான். பிக்ஸட் டெபாசிட் ஒன்றைப் பிணையாக வைத்தால் அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு தருவார்கள், வரலாறே இல்லாதவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாள். கணவரின் அலுவலகத்திலிருந்து வந்து, மகள் படிப்புக்கென்று தொடாமல் வைத்திருந்த பணத்தில் கொஞ்சத்தைப் போட்டு வாங்கினேன். இந்த முறை பெயரும் என்னுடையது, கணக்கும் என்னுடையது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பால், கேஸ், கரண்ட் பில், மாதச் சாமான் என்று எப்படியும் செலவழிக்கப் போகிற காசைத்தான் அதில் செலவழித்தேன். கார்டு இருக்கிறது என்பதற்காக ஒரு கர்சீப்கூட வாங்கவில்லை. லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் கார்டை அலமாரியில் பூட்டிவிடுவேன். லிமிட்டை முட்ட முட்டச் செலவழிக்கிறவரைப் பார்த்தால் பாங்குக்கு இவர் கஷ்டத்தில் இருக்கிறார் என்று தோன்றுமாம். அதைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்ததே இல்லை, எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி ஓடும். ஸ்டேட்மென்ட் வந்த அன்றே, கெடு தேதிக்காகக் காத்திருக்காமல், மொத்தத்தையும் கட்டுவேன். அதில் இரண்டு தொகை போட்டிருக்கும். ஒன்று கட்ட வேண்டிய மொத்தம், இன்னொன்று மினிமம். மினிமம் கட்டினால் அபராதம் வராது, ஆனால் மிச்சத்துக்கு வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அந்த மினிமம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கீழ்வீட்டு முகம் ஞாபகம் வரும். முழுத் தொகையையும் கட்டும்போது எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வரும். ஜெபமாலை சொல்கிறவர்கள் மணி உருட்டுவதுபோல மாதாமாதம் அந்தச் சந்தோஷத்தை உருட்டிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்தில் வேறொரு பாங்கு பெரிய லிமிட்டோடு கார்டு தந்தது. பழையதை மூடிவிடவா என்று நினைத்தேன், மூடவில்லை. கார்டுக்கு வயது ஏற ஏறத்தான் நம் பேருக்கு மதிப்பு என்று அதற்குள் கற்றிருந்தேன். "பர்சனல் லோன் வேணுமா மேடம்" என்று போன் வந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். கண்ட இடத்தில் கடன் கேட்டு மனுப் போட்டால், இவள் காசுக்கு அலைகிறாள் என்று அதுவும் பதிவாகும். வருஷத்துக்கு ஒருமுறை என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பேன். மைனஸ் ஒன்று எழுநூறானது, பிறகு எழுநூற்றைம்பதைத் தாண்டியது, தொள்ளாயிரத்துக்கு எண்ணூறைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிப்போய் அவர் முகத்துக்கு நேரே அந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன். சொன்னால் ஒருநாள்தான் வலிக்கும். அது எனக்குப் போதாது.

கீழே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டில் கட்டுகிற பழக்கம் அவரைச் சுருட்டிக்கொண்டது. வசூல்காரர்கள் கேட்டில் வந்து நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அப்போதும் அவர் என்னைப் பார்க்கும்போது சிரிப்பை விடவில்லை. "என்ன டீச்சர், ஒழுகுதா?" என்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் இல்லாத நேரத்தில் ஒரு ஆள் டேப்போடு மாடி ஏறி வந்து அளக்கத் தொடங்கினான். யாரப்பா என்றேன். "பில்டர் அனுப்பினாரும்மா. மொத்த வீட்டையும் கீழ சார் குடுத்துடறேன்னு பேசிக்கினு கீறாரு" என்றான். பில்டர் தருவதாகச் சொன்ன விலையையும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். பில்டர் தரும் முன்பணத்தில் என் பங்கை முதலில் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பிறகு மொத்தமாக விற்பது மூத்தாரின் திட்டம். மகள் அப்போது பெருங்குடியில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். "நாம எங்கம்மா போவோம்?" என்றாள்.

எங்கள் வீட்டில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. ஒரு பங்குக்கு மூத்தவர் விலை சொல்ல வேண்டும்; அந்த விலைக்குத் தன் பங்கை விற்பதா, மூத்தவர் பங்கை வாங்குவதா என்பதை இளையவர் முடிவு செய்ய வேண்டும். மாமனார் தன் அண்ணனோடு அப்படித்தான் பிரித்தாராம். மூத்தாரே அந்த வழக்கத்தை எடுத்தார். எங்கள் மாதா கோயிலில் பங்கு ஃபாதர் அறையில், அவர் முன்னால் பேசிக்கொள்ளலாம் என்றார். நியாயஸ்தன் வேஷம். மற்றவர் வாங்கவும் கூடும் என்கிற பயம் இருந்தால்தான் மூத்தவர் நியாயமான விலை சொல்வார். வழக்கத்தின் சூட்சுமமே அதுதான். அவருக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கு எந்த பாங்கும் கடன் தராது என்று ஊருக்கே சொல்லிச் சிரித்தவர் அவர். பில்டர் கணக்குப்படி ஒரு பங்குக்கு வர வேண்டியதில் பாதிகூட வராத ஒரு தொகையைச் சொன்னார். "தம்பி இடத்துல நீங்க இருக்கீங்க. விக்கிறதுன்னா விக்கலாம். முடிஞ்சா வாங்கிக்கலாம். மூணு மாசம் டைம் தர்றேன். சரியா ஃபாதர்?" என்று புன்னகைத்தார்.

"நீங்க சொன்னதே கடைசி விலையா மாமா? அப்புறம் மாத்த மாட்டீங்களே?" என்று கேட்டேன். குரல் நடுங்கியது. பயந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். "ஃபாதர் முன்னாடி சொன்னா சொன்னதுதான்மா" என்றார்.

"அப்ப நான் வாங்கிக்கிறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று மாதம் தேவைப்படவில்லை. கையிலிருந்து போட வேண்டிய தொகைக்கு என் நகையும் பி.எஃப். பணமும் மகளின் சேமிப்பும் சேர்ந்தன. மிச்சத்துக்கு பாங்கில் மனுப் போட்டேன். அங்கிருந்த அதிகாரி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்கோருக்கு வட்டியிலயே கொஞ்சம் குறைச்சுத் தரலாம் மேடம்" என்றார். கடன் அனுமதிக் கடிதத்தை ஃபாதர் மேஜையில் வைத்த அன்று மூத்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சரியில்ல ஃபாதர். வெளிய ரேட்டே வேற" என்றார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "விலை நீங்க சொன்னதுதானே?" என்றார். பிறகு மூத்தார் என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை அவர் கெஞ்சினார். "கொஞ்சம் ஏத்திக் குடும்மா. நமக்குள்ள என்ன?"

"நமக்குள்ள ஒன்னும் இல்ல மாமா. அந்த விலைக்கு ஒரு ரூபா ஏத்த மாட்டேன்" என்றேன்.

பத்திரம் பதிந்தது. வந்த பணத்தை அவருடைய பழைய பாக்கிகள் பாதிக்குமேல் தின்றுவிட்டன. இப்போது கே.கே. நகரில் வாடகைக்கு இருக்கிறார். தளத்தை நான் புதிதாகப் போட்டுவிட்டேன். மழை பெய்யும்போது இப்போது மாடியில் நிம்மதியாகத் தூங்குகிறேன். கீழ்வீட்டில் மகள் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்தார் பழைய கோயிலுக்கே பஸ் பிடித்து வருகிறார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் என் பக்கம் திரும்பிக் கைகுவிக்கிறார். முடி நரைத்து, சட்டை கசங்கி, பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று நானும் கைகுவிக்கிறேன். மனதில் ஒரு துளி இரக்கம் வருவதில்லை.

ஃபாதருக்கு இது தெரியும். ஒருநாள் என்னை நிறுத்தி, மனதில் இருப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் என்னிடம் சொல்லி இறக்கி வைத்துவிடும்மா, லேசாகிவிடும் என்றார். போகிறேன். கோபம், பொறாமை, பிள்ளைகளைத் திட்டியது எல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. செய்ததற்கு மனம் வருந்தாமல் சொன்னால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள் நான்தான்.