ஜெப்சனை ஏலம் விட்ட ஜான்ரோஸ்

குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற ஜான்ரோசுக்குத் தொண்டை ஒரு சொத்து. பொறாமை இன்னொன்று. மாதா கோயில் திருவிழா நாடகத்தில் வருடந்தோறும் அவர்தான் கதாநாயகன். அவர் மேடையில் செத்து விழும்போது பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். மனைவி செலின்மேரி மட்டும் அழுததே இல்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

இந்த வருடம் நாடகம் எழுதுகிற செல்வதாஸ் சார் எழுதியது அமெரிக்கக் கதை, உள்நாட்டுப் போருக்கு முந்தைய பத்து வருடம். அடிமை இல்லாமல் பருத்தி விளையாது என்கிறார்கள் தெற்கே. மனிதனை விற்பது பாவம் என்கிறார்கள் வடக்கே. வடக்கே தப்பி வந்தவனையும் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று சட்டம் வர, தெருவுக்குத் தெரு கைகலப்பு. அப்படிப் பிடிபட்ட அடிமைதான் நாயகன். அந்த வேஷத்தை ஐஸ் உடைக்கிற ஜெப்சனுக்குக் கொடுத்துவிட்டார் சார்.

"உமக்கு அடிமைய ஏலம் விடுத வேசம். உம்மள மாதிரி வேற யாரு விட முடியும்?" என்றார்.

ஜான்ரோசுக்கு வயிறு எரிந்தது. ஒத்திகைக்கு ஒத்திகை ஜெப்சனிடம் குறை தேடினார். குரல் போதாது, நடை சரியில்லை, அழுகை சீரியல் அழுகை. தேடத் தேட, பயல் நன்றாகத்தான் நடித்தான். இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் உண்டா?

திருவிழா அன்று சாயங்காலம் மேடையில் ஜெப்சன் கை கட்டப்பட்டு நின்றான். அவனை அமுக்கிவிடுவது என்ற முடிவோடு வந்தார் ஜான்ரோஸ். தாடையைப் பிடித்துத் திருப்பினார், பல்லைக் காட்டினார், நெய்மீனை விற்கிற அதே ராகத்தில் விலையை ஏற்றினார். கூட்டத்தில் பாதிப் பேர் மீன் வியாபாரிகள். பழக்க தோஷம், கைகள் தானாக உயர்ந்தன. சிரிப்பு, விசில், எல்லாம் ஜான்ரோசுக்கே.

பிறகு சிரிப்பு அடங்கியது. ஜெப்சன் தலை குனிந்து நின்ற விதம் அப்படி. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே எழுந்தாள். செலின்மேரி!

"லெச்ச ரூவா! நான் எடுத்தாச்சு. அவன அவுத்து விடும்!"

பண்ணையார் வேஷம் போட்ட லிஜோ ஆயிரம் டாலரோடு நிறுத்தியிருந்தான்; லட்சம் ரூபாய் அதைவிடக் கூடுதல். கடற்கரையில் கூடிய விலை கேட்டவருக்குத்தான் மீன். ஜான்ரோஸ் ஒருநாளும் அதை மீறியதில்லை. மனைவியின் கண்ணீரைப் பார்த்தார். இத்தனை வருடம் தனக்கு வராத கண்ணீர், ஐஸ்காரப் பயலுக்கு.

"ஆயிரம் டாலர் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! லிஜோவுக்கு!"

வேஷத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை. கயிற்றைப் பிடித்து அவர் தள்ளிய வேகத்தில் ஜெப்சன் முழங்கால் சிராய்த்து விழுந்தான். அது செல்வதாஸ் சார் எழுதாதது. கூட்டம் ஊளையிட்டது.

வீட்டில் செலின்மேரி சோற்றை வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பயலுக்காவ அப்பிடி அழுதியாட்டி?"

"அவனுக்காவ இல்ல. உம்மளப் பாத்துதான் அழுதேன். அங்க எல்லாரும் நடிச்சாங்க. நீரு மெய்யாவே வித்தீரு."

ஜான்ரோஸ் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ அவன் நடிச்சது நல்லாவா இருந்துச்சு?"