ஆமைகளுக்கு நடுவே ஒரு பலகை

காலையில் தேத்தண்ணி குடிக்கும் முன்னர் நான் ஓர் ஆமையை நிறுக்கிறேன். சமையலறைத் தராசில், மனைவி கேக்குக்கு மா நிறுக்கும் அதே தராசில். அது கால்களை இழுத்துக்கொண்டு கல்லுப் போலக் கிடக்கும். இலக்கத்தைப் பார்த்து, குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதுவேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். மூன்று வாரமாக அந்த இலக்கம் இறங்கிக்கொண்டே போனபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமையின் பெயர் பிஸ்கட். என் மகள் ஆரணி லீட்ஸுக்குப் படிக்கப் போனபோது என்னை நம்பி விட்டுவிட்டுப் போனது. அவள் விடுமுறைக்கு வரும்போது அது உயிரோடு இருக்க வேண்டும்.

அது மெலிந்ததற்குக் காரணம் நான்தான். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவு ஏழெட்டுப் பாய் விரித்தால் முடிந்துவிடும். அதற்குள் பிஸ்கட் தன்னந்தனியே இலை கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். ஒருவன் ஷிப்டுக்கு எழும்ப, ஷிப்ட் முடிந்து வந்த மற்றவன் அதே மெத்தையில் சரிவான். மெத்தை ஆறியதே இல்லை. தனிமை என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்தோம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போதும் பெருமையடிப்பேன். ஓய்வு நாளில் பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, கடைசித் தரிப்புவரை போய், ஒரு சோலியும் இல்லாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறவன் ஒருவன் எங்களுக்குள் இருந்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த ஆள் நான்தான்.

குரோய்டனில் வீடு மாறுகிற ஒருவரிடம் இரண்டாவது ஆமையை வாங்கி வந்தேன். அதன் நடையைப் பார்த்துத் துரை என்று பெயர் வைத்தேன். துரை பிஸ்கட்டின் பின்னாலேயே திரிந்தது. பிஸ்கட் வெயில் காய்ந்தால் அதன் முதுகில் ஏறி இருந்தது. முன்காலை மெல்லக் கடித்தது. “பாரும், என்ன ஒட்டு எண்டு!” என்று மனைவிக்குக் காட்டிப் பூரித்துப்போனேன். வீடியோவை மகளுக்கும் அனுப்பினேன். உடனே அழைத்தாள். “அப்பா, ஹீ வோஸ் ஃபைன் ஆன் ஹிஸ் ஓன். செப்பரேட் தெம், ப்ளீஸ்.”

தனியே நன்றாகத்தான் இருந்ததாம், பிரித்து வைக்கட்டாம். பிரித்தேன். முழுக்கப் பிரிக்க மனம் வராமல் நடுவில் கம்பிவலை அடித்தேன், முகமாவது பார்க்கட்டும் என்று. அன்றிலிருந்து துரைக்கு ஒரே வேலை. வலையோரமாக இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல்வரை நடக்கும், மூக்கால் இடிக்கும், திரும்பி நடக்கும். பிஸ்கட் கவிழ்த்து வைத்த பூச்சட்டிக்குள் புகுந்துவிட்டது. தீனியைத் தொடவில்லை.

நானும் நடந்துகொண்டுதான் இருந்தேன், சமையலறைக்கும் பின்கதவுக்கும் இடையில், கையில் போனோடு. ஊரில், கொக்குவிலில் இருக்கும் எங்கள் வீட்டில் சின்னம்மாவின் மகன் குமரன் குடும்பத்தோடு இருக்கிறான். வாடகை இல்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பது பேச்சு. போன வருடம் போனபோது முன்வாசல் படலைத் தூணில் வீட்டைப் பார்த்தபடி ஒரு கமராவைப் பூட்டிவிட்டு வந்தேன். முற்றம், முன்கதவு, கிணற்றடியில் ஒரு துண்டு, எல்லாம் போனில் தெரியும், சத்தமும் கேட்கும். இங்கே நான் எழும்பும்போது அங்கே மத்தியானம். படலை ஏன் திறந்து கிடக்கு, முற்றத்தில் நிற்கிற சிவப்புச் சட்டைக்காரன் ஆர் என்று உடனே அழைத்துக் கேட்பேன். மோட்டர் திருத்த வந்தவனாக இருக்கும். குமரன் பொறுமையாகத்தான் பதில் சொல்லிவந்தான். ஒருநாள் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அண்ணை, சுதா இப்ப கிணத்தடியில குளிக்கிறேல்ல. நான்தான் உள்ளுக்குத் தண்ணி காவிக் குடுக்கிறன். வேற வீடு பாப்பம் எண்டு சொல்லுறா.”

“கிணத்துக்கட்டின்ர ஓரம்தானே தெரியுது? நான் என்ன, அப்பிடிப்பட்ட ஆளோ?” என்று சீறினேன். அவன் மனைவி என்னைச் சந்தேகிக்கிறாளே என்று எனக்குக் கோபம். போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு திரும்பவும் கமராவைத் திறந்தேன்.

பிஸ்கட்டை ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். என் மகளைவிட நாலைந்து வயது கூடிய வெள்ளைக்காரப் பெண். புரட்டிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். நோய் ஒன்றும் இல்லையாம். இரண்டாவது ஆமை எதற்கு என்று கேட்டார்.

“கம்பெனி” என்றேன்.

“யாருக்கு?”

நடுவில் வலைதான் போட்டிருக்கிறேன், ஒன்றையொன்று நன்றாகப் பார்க்கலாம் என்று அவசரமாகச் சொன்னேன், மெச்சுவார் என்ற நினைப்பில். அவரோ நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆமைக்குத் துணை வேண்டாம், அதற்கென்று காணி வேண்டும் என்றார். நடுவில் பலகை வேண்டும், மற்றப் பக்கம் தெரியவே கூடாது. “கடிக்கத் தேவையில்லை. மற்றது எந்நேரமும் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தாலே போதும், இது சாப்பிடாது.”

திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். போனை எடுக்க வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் வீட்டைப் பிரிந்து மெலிந்துபோனவன் நான் என்றுதான் எண்ணியிருந்தேன். வலையோரம் நடந்து மூக்கால் இடிக்கிறவன் நான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே பலகை அடித்தேன். மனைவியின் ரோசாச் சட்டிகள் முன்வாசலுக்குப் போயின, இரண்டு ஆமைக்கும் இடம் கூடியது. மூன்றாம் நாள் பிஸ்கட் வெளியே வந்து ஓர் இலையைப் பாதி தின்றது. ஒரு கிழமையில் தாளில் இலக்கம் ஏறியது. துரை இன்னும் பலகையோரம் நடக்கிறது, முன்னரைவிடக் குறைவாக.

குமரனை அழைத்து, கமராவைக் கழற்றச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வேறு சொன்னது. “தம்பி, அதை ரோட்டுப் பக்கம் திருப்பிவிடு.”

“வடிவா யோசிச்சோ சொல்லுறியள், அண்ணை?”

“ஓம். சுதாட்டயும் சொல்லு.”

ஏணி வைத்து ஏறினான். போனில் அவன் முகம் பெரிதாக வந்தது, பிறகு கொஞ்சம் வானம், பிறகு ஒழுங்கை. அவ்வளவுதான். இப்போது என் படலைத் தூணில், என் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, போற வாறவர்களைப் பார்க்கிறேன். இன்று காலை சைக்கிளில் போன ஒருவர் கமராவை நிமிர்ந்து பார்த்தார், ஆர் வீட்டுக்கு வந்த ஆள் என்று விசாரிக்கிற மாதிரி. அப்போது பின்னால், எனக்குத் தெரியாத பக்கத்தில், கிணற்றில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு யாரோ தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், ஒரு வாளி, இன்னொரு வாளி. சத்தத்தையும் நிறுத்திவிட்டேன்.