வாங்கியது உண்மை என்று எழுதினேன்

கோர்ட்டு ஆள் எங்கள் பட்டறை வாசலில் நின்று என் பெயரைச் சத்தமாகக் கேட்டார். களிமண் கையைத் துடைத்துவிட்டுச் சம்மனை வாங்கினேன். தெருவே பார்த்தது.

சகோதரிகளே, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து லாரியில் மண் கொண்டுவரும் ஓர் அண்ணனிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தேன். என் கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில் பாதிக்கு மேல் அடைத்தும்விட்டேன். லாரி வரும்போது கையில் கொடுப்பேன். ரசீது கேட்டதில்லை. பிறகு கணவரின் கம்பெனியில் சம்பளம் நின்றது. ஒரு சூளைச் சரக்கு முழுவதும் விரிசல் விட்டது. அந்த அண்ணனும் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். நான் கொடுத்தது எதுவும் தெரியாமல், அவர் மனைவி முழுத்தொகையும் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்.

என் தம்பி ஓடி வந்தான். "அக்கா, கையெழுத்து என்னுது இல்லன்னு சொல்லிடு. குடுத்தவரு போயிட்டாரு. சாட்சி போட்டவரு வெளிநாட்டுல இருக்காரு. யாரு வந்து சொல்லப் போறாங்க? வூடும் ஜப்தியில போயிட்டா புள்ளைங்கள வச்சிகிட்டு எங்க நிப்ப?"

அவன் என் மேல் உள்ள பாசத்தில்தான் பேசினான். அப்படிச் சொல்லிவிட எனக்கும் ஆசையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதுவரை, வழக்கு எப்படியாவது நின்றுபோக வேண்டும் என்றே துஆ கேட்டுவந்தேன். அன்று மாலை அசர் தொழுதுவிட்டுக் கையேந்தியபோது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. "ரப்பே, என் நாக்கைப் பொய்யிலிருந்து காப்பாற்று. உண்மையைச் சொல்லி நான் நடுத்தெருவுக்கு வந்துவிடாமல் நீயே பார்த்துக்கொள்" என்று கேட்டேன். மனதில் பயம் அப்படியே இருந்தது. ஆனால் எழுந்து நடக்கக் காலில் பலம் வந்தது.

மறுநாள் கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி கொடுக்கும் அறைக்குப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார்.

"வாங்கினது உண்மைன்னா அப்படியே எழுதுவோம்மா. திருப்பிக் குடுத்ததையும் எழுதுவோம். ஆனா அதுக்கு ரசீது இல்ல, கஷ்டம்தான். வராம மட்டும் இருந்துடாதீங்க. வரலன்னா அவங்க கேட்டபடியே தீர்ப்பாயிடும்."

கையெழுத்து என்னுடையதுதான், கடன் வாங்கியது உண்மை என்று பதில் தாக்கல் செய்தோம். தம்பி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

வழக்கைக் கோர்ட்டின் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். லாரி அண்ணனின் மனைவியான அந்த அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. கணவர் இறந்த பிறகு அவருக்கும் லாரிக் கடன் நெருக்கடி என்று அங்கேதான் தெரிந்தது. என் பதிலை அவருடைய வக்கீல் படித்துக் காட்டினார். திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வதை ரசீது இல்லாமல் ஏற்க முடியாது என்றும் சொன்னார்.

அந்த அக்கா என்னையே பார்த்தார். "கையெழுத்தே போடலன்னு சொல்லுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க வாங்கினேன்னு எழுதியிருக்கீங்க. அதை நம்பி வாங்கிக்கிறேன். அப்ப குடுத்தேன்னு சொல்றதையும் நம்பித்தானேங்க ஆவணும்?" என்றார். பிறகு தன் வக்கீலிடம், "வட்டியும் வாணாங்க. மிச்சத்தை மாசா மாசம் குடுக்கட்டும்" என்றார்.

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அல்ஹம்துலில்லாஹ்! ரசீது இல்லாத என் பேச்சை எதிராளியின் மனமே ஏற்கும்படி இறைவன் செய்தான்.

பாக்கியை மாதம் தவறாமல் கட்டி முடித்தேன். வழக்கு முடிந்தது. தம்பியும் இப்போது வீட்டுக்கு வருகிறான். வட்டிக்கு வாங்குவதை அடியோடு விட்டேன். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்தும் அதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது.

உங்களில் யாருக்காவது சம்மன் வந்திருந்தால் பயந்து ஒளித்துவைக்காதீர்கள். தொழுது அவனிடம் அழுங்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என்னைக் கைவிடாதவன் உங்களையும் கைவிட மாட்டான்.