மாமா சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பலரையும் போல நாங்களும் கோவில் என்றுதான் சொல்வோம். டெக்சஸுக்கு வந்து, இர்விங்கில் ஒரு அபார்ட்மெண்டில் குடியேறிய பிறகும் அந்தச் சொல் மாறவில்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே கோவில் இருந்தது; இங்கே மாமாவுக்கு ஒரு கோவில், அத்தைக்கு ஒரு கோவில் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் காரில் ஏறுவது என்று தெரியாமல், ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு நான் நடு ஹாலில் நின்றுகொண்டிருப்பேன்.

மாமா, அம்மாவின் அண்ணன். எங்களுக்கு வெகு முன்பே அமெரிக்கா வந்தவர். அப்பாவுக்கு இங்கே வேலை கிடைக்க அலைந்தவரும், விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துப்போனவரும் அவர்தான். அத்தை, அப்பாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்களோடு, என் அறையில், என் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள்.

மாமாவின் கோவில் ஒரு பெரிய ஷாப்பிங் மால் போல இருக்கும். காரை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போகவே சின்ன வண்டி விட்டிருப்பார்கள். மேடையில் சிலுவைக்கு ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி, இன்னொரு பக்கம் டெக்சஸ் கொடி. இது கர்த்தருடைய நாடு, இதை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், ஓட்டுப் போட்டு மீட்க வேண்டும் என்று அங்கே வாராவாரம் சொல்வார்கள். யார் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்தேன், நாடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

அத்தையின் கோவில் டல்லாஸில் ஒரு பழைய செங்கல் கட்டடம். ஏசி பாதி நாள் ஓடாது. பாஸ்டர் ஒரு பெண்மணி. வாசலில் வானவில் நிறத்தில் ஒரு துணி தொங்கும். ஆராதனை முடிந்ததும் நீள மேஜை போட்டு, எல்லை தாண்டி வந்து பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்காக சாண்ட்விச் செய்வார்கள். சீஸ் வைப்பது என் வேலை. ஆண்டவர் அந்நியனாக வந்தார், கொடியோடு வரவில்லை என்று அங்கே சொல்வார்கள்.

சனிக்கிழமை மாமா சாப்பிட வருவார். சாப்பாட்டுக்கு முன் ஜெபம். அந்த ஜெபத்தில்தான் சண்டை நடக்கும். "இந்த தேசத்தை வழிதப்பிப் போனவங்க கையிலருந்து மீட்டுத் தாரும் ஆண்டவரே" என்று மாமா கண்ணை மூடிக்கொண்டு அத்தையைச் சாடுவார். அவர் ஆமென் சொல்வதற்குள் அத்தை பிடித்துக்கொள்வாள்: "உம்ம பேரச் சொல்லி ஓட்டுக் கேக்கிறவங்களுக்கு நல்ல புத்தி தாரும்." நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். அப்பாவும் ஒற்றைக் கண்ணைத் திறந்து குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஆறிக்கொண்டிருக்கும்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் தேர்தல் வருடம். மாமாவின் கோவிலைச் சேர்ந்த ஒருவர் தேர்தலில் நின்றார். ஜூலை மாதம் அங்கே தேசத்துக்காக ஒரு விசேஷ ஆராதனை வைத்தார்கள். அதில் சாட்சி சொல்ல மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்டவர் தன்னை எப்படி நடத்தினார் என்று மேடையேறிச் சொல்ல வேண்டும். மாமா ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்தார். கொடிக்கோடு போட்ட டை வாங்கினார். குடும்பம் முழுக்க முன் வரிசையில் உட்கார வேண்டும் என்றார்.

"நான் வரலை மைனி" என்றாள் அத்தை.

"எனக்காக ஒரே ஒரு நாள். வந்து உக்காரு, போதும். வாயத் தெறக்காண்டாம்" என்றாள் அம்மா.

வாயைத் திறக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு அத்தை வந்தாள். நான் கீழ் வீட்டு வித்யாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மதுரைக்காரர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டிலிருந்து சுண்டல் வரும். துள்ளிக் குதிக்கிற காற்றுக் கோட்டையும் ஐஸ்கிரீமும் உண்டு என்று நான் சொன்னதை நம்பி அவள் அம்மா அனுப்பிவைத்தாள். வித்யா நீலக் கவுன் போட்டு, நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்து, கொடியின் நிறங்களுக்குப் பொருத்தமாகத்தான் வந்திருந்தாள்.

டிரம்ஸ் அடித்தார்கள். கொடிகள் வரிசையாக வந்தன. எனக்கு உட்காரவே முடியவில்லை. கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் மாமாவை மேடைக்கு அழைத்து, தோளில் கையைப் போட்டு, கோடிக்கணக்கான தெய்வங்கள் இருக்கிற தேசத்திலிருந்து, இருட்டிலிருந்து, ஆண்டவர் மீட்டெடுத்த சகோதரன் என்று சொன்னார். மாமா மைக்கை வாங்கினார். சின்னப் பையனாக இருந்தபோது தினமும் கோவிலுக்குப் போய்க் கல்லின் முன் விழுந்து கும்பிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். அது பேசவில்லை, கேட்கவில்லை என்றார். இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் வெளிச்சத்தைக் கண்டேன் என்றபோது அவர் குரல் உடைந்தது.

எனக்கு ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. மாமா சின்ன வயதில் தினமும் கோவிலுக்குப் போனார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணி அடிப்பார், கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பாக நடிப்பார். அந்தக் கோவிலில் கல் எங்கே இருந்தது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை. எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்று ஐந்து தலைமுறை ஆகிறது என்பதையும், மாமாவின் தாத்தா ஊர்க் கோவிலை நடத்திய உபதேசியார் என்பதையும் நான் அந்த நேரத்தில் சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மா குனிந்து மடியைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"உங்க மாமா எங்க கோயிலுக்கா போனாங்க?" என்று வித்யா காதில் கேட்டாள்.

அதற்குள் பாஸ்டர், இந்த நாட்டைக் கிறிஸ்துவுக்காக மீட்க விரும்புகிற எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்றார். கடல் எழுந்த மாதிரி எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழுந்தாள். அப்பா எழுந்தார். எல்லோரும் எழுகிறார்களே என்று வித்யாவும் எழுந்தாள். அத்தை எழவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கும் வித்யாவுக்கும் நடுவில் இருந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், பிறகு இரண்டுமில்லாமல் முழங்காலை மடித்து அந்தரத்தில் நின்றேன். தொடை வலித்தது.

அப்போது யாரோ "ஓ" என்றார்கள். நிமிர்ந்து பார்த்தால், மேடைக்கு மேலே இருந்த பெரிய திரையில் எங்கள் வரிசை. மாமாவின் குடும்பத்தைக் காட்டுவதற்காக கேமராவைத் திருப்பியிருக்கிறார்கள். ஒரு வீடு அளவுக்கு அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான், நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தவள் போல. திரை சட்டென்று கொடிக்கு மாறியது. மேடையில் நின்ற மாமா மட்டும் திரையைப் பார்க்காமல் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐஸ்கிரீம் கிடைக்கவில்லை. மாமா எங்களை நேரே கார் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தரை கொதித்தது. வித்யாவைக் காருக்குள் ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்றுகொண்டேன்.

"ஒரு நிமிஷம் எந்திரிச்சா என்னம்மா கொறஞ்சு போகும்? நாலாயிரம் பேரு முன்னால என்னக் கேவலப்படுத்திட்டியே" என்றார் மாமா அத்தையிடம்.

"நான் வாயத் தெறக்கலையே அத்தான்."

"அதுக்கு நீ ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்."

"சரி, இப்பப் பேசுதேன். நீங்க எந்தக் கல்லக் கும்பிட்டீங்க?"

மாமா டையைத் தளர்த்தினார். முதலில் உண்மையைத்தான் சொன்னாராம். எங்கள் ஊர்க் கோவில், உபதேசியார் தாத்தா, ஐந்து தலைமுறை எல்லாவற்றையும் தன் கோவில் ஆபீசில் சொல்லியிருக்கிறார். அவர்கள் அன்போடு கேட்டுவிட்டு, அது சரி, நீங்கள் எதிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார்களாம். திரும்பச் சொன்னாராம். அவர்கள் திரும்பவும் கேட்டார்களாம்.

"அவங்களுக்குப் பிடிபடல. எங்க தாத்தாவுக்குத் தாத்தா கும்பிட்டிருப்பாருல்லா? அவருக்காகச் சொன்னேன்னு வச்சுக்கோயேன்."

"அப்பம் அவரு சாட்சிய அவரு சொல்லட்டும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார். மாமா சிரிக்கவில்லை. "உன் மாமி ஆஸ்பத்திரில கெடந்தப்ப மூணு மாசம் எனக்குச் சோறு கொண்டுவந்து போட்டது யாரு? இந்த ஜனங்கதான். அப்ப ஒரு தமிழ்க்காரன் வரல. அவங்க கேட்டு நான் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?" அதை அவர் அத்தையிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். மாமி இறந்தபோது நாங்கள் இன்னும் ஊரில் இருந்தோம். அத்தை காரில் ஏறிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க வீடு ஒரு நிலையில் இல்லை. போன் அடித்தால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், யாரும் எடுக்கமாட்டார்கள். துணி துவைக்கும் அறையில் வித்யாவின் அம்மா என் அம்மாவிடம், "அக்கா, உங்க அண்ணன் முன்னாடி எங்க ஆளுங்களாமே? வித்யா சொன்னா" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றால் அண்ணன் பொய்க்காரன். ஆமாம் என்றால் இவள் பொய்க்காரி. "அது ரொம்ப முன்னாடி" என்று சொல்லிவிட்டு, பாதி ஈரத்துணியோடு அம்மா மேலே வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சுண்டல் வந்தது. ஆனால் வித்யாவை என்னோடு வெளியே அனுப்புவதில்லை என்று ஆனது. அவளுக்கும் அதற்குக் காரணம் தெரியவில்லை. சனிக்கிழமை மாமா சாப்பிட வரவில்லை. ஜெபம் சீக்கிரம் முடிந்தது. குழம்பு சூடாக இருந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தையோடு அவள் கோவிலுக்குப் போனேன். அன்று அங்கேயும் ஒரு விசேஷம். பழைய பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்கும் ஆராதனை. பெண் பாஸ்டர், எங்கள் முன்னோர்கள் கப்பலேறித் தூர தேசங்களுக்குப் போய் அங்கே இருந்த மக்களின் தெய்வங்களையும் பாட்டுகளையும் பறித்துக்கொண்டார்கள் என்றார். பிறகு அத்தையை முன்னால் அழைத்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உன் மக்களுக்கு நாங்கள் செய்ததற்காக எங்களை மன்னித்துவிடு என்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முன் வரிசையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் விம்மினார்.

எனக்கு அத்தை என்ன சொல்வாள் என்று நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுதப் படிக்கக் கற்ற பெண்ணைப் பற்றி அவள் எனக்குப் படுக்கையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆட்கள் ஊரின் நல்ல தெருவில் நடக்கக்கூடாது, பள்ளிக்கூட வாசலை மிதிக்கக்கூடாது என்று வைத்திருந்த காலத்தில், மிஷன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்காரலாம் என்று கேள்விப்பட்டு அந்தப் பெண் போனாள். யாரும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவளே நடந்து போனாள் என்று சொல்லும்போது அத்தையின் குரல் மேலே ஏறும். ஞானஸ்நானத்தில் தனக்கு என்ன பேர் வேண்டும் என்பதைக்கூட அவளே சொன்னாளாம்.

அத்தை "தேங்க் யூ" என்றாள். அவ்வளவுதான். எல்லோரும் மெதுவாகக் கை தட்டினார்கள். பாஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேல் அத்தையின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

அன்று சாண்ட்விச் செய்ய நிற்காமல் வந்துவிட்டோம். காருக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. அத்தை சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"அத்தை, நீ ஏன் சொல்லல?"

"என்னத்த?"

"அவளே நடந்து போனான்னு."

அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். "அவங்க அழுதுக்கிட்டு இருந்தாங்கட்டி. நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

பிறகு போனை எடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெகு நேரம் அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அத்தான், சாப்ட்டீங்களா?"

அந்தக் கொதிக்கிற காருக்குள் மாமா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. "இன்னும் இல்ல. ஏன், என்ன வச்சிருக்கீங்க?" என்றார்.

"மீன் கெடக்கு. வாங்க. நானே வச்சித் தாரேன்."

எதற்காகக் கூப்பிட்டாள் என்று அவரும் கேட்கவில்லை. அத்தை போனை வைத்துவிட்டு, சாவியைத் திருப்பி, ஏசியின் எல்லா வாயையும் என் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது. கார் நிற்கும் இடத்தில் நடந்த சண்டையில் ஜெயித்தது அத்தைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயித்தவளே எதற்காக முதலில் போன் பண்ண வேண்டும் என்று கேட்டேன். "சும்மா இரிட்டி" என்றாள். ஃப்ரீவேயில் ஏறி வீடு வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.