மோர்ப் பந்தலில் மோதிய ஜலஜா மாமி

எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் ஜலஜா மாமியை வீணை டீச்சர் என்றால்தான் தெரியும். ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். முன்பெல்லாம் ஆட்டோதான். ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கரில் ஆட்டோ குதித்த குதியில் வீணையின் சுரைக்குடுக்கை விரிசல் விட்டுவிட்டது. அந்த வாரமே மாமி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஐம்பது தாண்டிய வயது. வீட்டுக்காரர் சுப்பராமன், ரிடையரான பேங்க் ஆபீசர், ஆள் ஆறடி, அபிப்பிராயம் அதற்கும் மேலே. "கையில வீணை பிடிச்சமா, ஆத்தைப் பாத்தமான்னு இருக்கப்படாதா?" என்றார். மாமி லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

நான் கீழ்வீட்டில் வீட்டுத் தரகு பார்க்கிறவன். மாடியில் பேசுவது என் காதில் விழுந்தால் அது கட்டடத்தின் குற்றம்.

ரெண்டு வருஷமாக வீட்டுக் காரை மாமிதான் ஓட்டுகிறார். பங்குனித் திருவிழா நேரம். மாமி வகுப்பு முடித்துத் திரும்புகிறார். எதிர்ப்பக்கமாக ஒரு பைக்குக்காரன் பாய்ந்து வர, மாமி ஸ்டியரிங்கை ஒடிக்க, வண்டி தெருமுனை மோர்ப் பந்தலின் மூங்கிலில் போய் முட்டியது. யாருக்கும் அடியில்லை. பானை மட்டும் கவிழ்ந்து, மோர் முழுக்க பானெட்டின் மேல். மோர் ஊற்றிக்கொண்டிருந்த தங்கம் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்:

"இன்னாமா, சாமி இன்னும் தெருவுக்கே வரல, அதுக்குள்ள உன் வண்டிக்கு அபிஷேகமா?"

ஹெட்லைட் நொறுங்கி, பம்பர் சக்கரத்தில் உரசியதால், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க் ஷாப்புக்குத்தான் போக வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் மாடியில் கச்சேரி.

"க்ளெய்ம்ல நான் ஓட்டிண்டு போனேன்னே போட்டுடலாம். பொம்மனாட்டி ஓட்டினான்னா ஆயிரம் கேள்வி கேப்பான்."

"ஏன்னா, லைசென்ஸ் இருக்கே எனக்கு."

"இருக்கட்டும். இனிமே சாவி எங்கிட்ட. நீ பழையபடி ஆட்டோல போ."

"வீணை?"

"மடியில வெச்சுக்கோ."

இதைத்தான் மாமியால் தாங்க முடியவில்லை. பம்பர் போனதற்கு அவர் கண் கலங்கவில்லை. சாவி போனதற்குக் கலங்கினார்.

ஒர்க் ஷாப் தணிகாசலம் எனக்குப் பழக்கம் என்பதால் மறுநாள் மாமி, சுப்பராமனோடு நானும் கூடப் போனேன். வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம். இன்சூரன்ஸ் சர்வேயர் அமீன் வந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பானெட்டை முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, புளிச்ச வாடை?"

"மோரு சார். பெருங்காயம்கூட போட்டுகிறாங்க," என்றான் தணிகாசலம்.

அமீன் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். "வண்டி ஓட்டினது யாரு?"

"நான்தான்," என்றார் சுப்பராமன், பேங்க் குரலில்.

"சரிங்க சார். உக்காந்து, எந்தப் பக்கம் திருப்பினீங்கன்னு காட்டுங்க."

மாமியின் உயரம் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேலே. சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டி நகர்த்தி வைத்திருந்தார். சுப்பராமன் ஒரு காலை உள்ளே விட்டார். அடுத்த காலுக்கு இடமில்லை. முழங்கால் ஹார்னில் இடிக்க, ஒர்க் ஷாப்பே அதிரும்படி 'பாம்' என்றது.

"நைனா, ஏறவே முடியலியே, எப்படி ஓட்டிக்கினு வந்தே?" என்றான் தணிகாசலம்.

"சீட்டு… தானா முன்னால வந்துடுத்து," என்றார் சுப்பராமன்.

"பரவால்ல சார். லைசென்ஸ் குடுங்க."

சுப்பராமன் பர்ஸைத் துழாவி ஒரு கார்டை நீட்டினார். அமீன் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். நான் ஓரடி கிட்டே போனேன்.

"சார், இது காலாவதியாகி ரெண்டு வருஷமாச்சு, இனிமே மொதல்லேர்ந்து எல்.எல்.ஆர். போட்டாத்தான் உண்டு. நீங்க ஓட்டினீங்கன்னு எழுதினா சல்லிக் காசு வராது. நான் இன்னும் எழுதல. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

ரெண்டு வருஷமாக இந்த மனுஷன்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மாமிக்கு ரோடு ரூல்ஸ் ஒப்பித்துக்கொண்டிருந்தார்! எனக்குச் சிரிப்பை அடக்க டயர் பக்கம் திரும்பி நிற்க வேண்டியிருந்தது.

மாமி முன்னால் வந்தார். "நான்தான் ஓட்டினேன். பைக்குக்காகத் திருப்பினேன், மூங்கில்ல முட்டிண்டுடுத்து. இதோ என் லைசென்ஸ்."

"அவ்ளோதாம்மா," என்று அமீன் எழுத ஆரம்பித்தார். "இதுல மறைக்க என்ன இருக்கு?"

சுப்பராமன் கார்டைத் திரும்ப வாங்கிப் பர்ஸுக்குள் திணித்தார்.

க்ளெய்ம் பாஸானது. வண்டி ரெடியான அன்றும் மூன்று பேரும் போனோம். சுப்பராமன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். தணிகாசலம் சாவியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அய்ய, தெரிஞ்சே உங்கையில குடுத்தா, கிண்டி தாண்டறதுக்குள்ள போலீஸ்காரன் மடக்குவான். மாமி, நீ வாங்கிக்கோமா."

மாமி வாங்கிக்கொண்டார். சுப்பராமன் சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். வண்டி கிளம்பி தேனாம்பேட்டை சிக்னலில் நின்றது. சுப்பராமன் மெதுவாக ஆரம்பித்தார்:

"ஜலஜா… எல்.எல்.ஆர். போட எந்த ஸ்கூல்ல சேர்ந்தே நீ?"

"மொதல்ல பெல்ட்டைப் போடுங்கோ," என்றார் மாமி.