நோயாளியாக நடித்த மதியம்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். மதுரையிலிருந்து டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். நோயாளியிடம் பேசிப் பழகட்டும் என்று அவர்களுடைய வாத்தியார் ஒருநாள் மதியம் எங்களை நடிக்கச் சொன்னார். ஒரு மாணவர் டாக்டர். வார்டில் வேலை பார்த்த ஒருவர், தொழிலாளியைக் கூட்டிவரும் பட்டாசு ஆலை மேஸ்திரி. நான் வயிற்றுவலி வந்த தொழிலாளி. வாயாடி என்று பேரெடுத்தவன் விடுவேனா? ஒரு பாட்டம் புலம்பத் தயாராக ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மாணவர் மேஸ்திரியைப் பார்த்து, “இவருக்கு என்ன?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், “அவன் கெடக்கான் சார், நான் சொல்றேன். நேத்து கல்யாண வீட்ல அம்புட்டையும் அள்ளிப் போட்டுட்டான்” என்று மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கேள்வியும் அவருக்கே போனது. வயிறு என்னுடையது, வலி என்னுடையது. என் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்திருந்தாள். தூசி விழுந்துவிட்டது என்றார் கூட வந்த நிஜ மேஸ்திரி. நல்ல கூட்டம். டாக்டரிடம் அனுப்பாமல் நானே சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிட்டேன். அவள் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தது அப்போதுதான் உறைத்தது.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, நோயாளிப் பதிவேட்டில் இருந்த அவள் தெருப் பெயரைப் பார்த்துச் சைக்கிளை மிதித்தேன். தூசியாகவே இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். நாலு வீட்டில் விசாரித்து அவளைக் கண்டுபிடித்தேன். கண் வீங்கிச் சிவந்திருந்தது.

“தாயி, கண்ணுல என்ன பட்டுச்சு? நீங்க சொல்லுங்க.”

“மத்தாப்புக் கம்பி வெட்டயில ஒரு துணுக்கு தெறிச்சிருச்சுங்கய்யா.”

“காலையிலயே சொல்லக் கூடாதா?”

“நீக மேஸ்திரியத்தான கேட்டீக?”

உடனே குதிரைவண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு அன்றே மதுரைக்கு அனுப்பினார். அங்கே துணுக்கை எடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போயிருந்தால் கண்ணே போயிருக்குமாம். பார்வை மங்கலாகத்தான் திரும்பியது. ஊர் வந்ததும் அவள் என்னைக் கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.

அதன்பிறகு கூட வந்தவர் என்ன சொன்னாலும், நோயாளி வாய் திறக்கும்வரை நான் மருந்து பாட்டிலைத் தொட்டதில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்காமலே அனுப்பிய எத்தனையோ பேரின் வீட்டுக்கு இனி எப்படிப் போவேன் என்ற நினைப்பு வந்தால், இன்றும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.